மேசைமேல் வைத்த மாத்திரை

"ஜோயி டெரில் என்ற அமெரிக்க ஓவியரின் படத்தில் பூவுக்கும் பழத்துக்கும் நடுவே எச்.ஐ.வி. மாத்திரைகள் இருக்கின்றன. இவர் எய்ட்ஸ் அமைப்பு ஒன்றில் வேலை பார்த்தவராம். இது ஓவியமா, சுகாதாரத் துறை விளம்பரமா? அந்த நோய் வந்திருக்காவிட்டால் இவரை யாராவது கவனித்திருப்பார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பார்வைக்கு இரண்டு கேள்விகள். ஆனால் நீங்கள் அறிய விரும்புவது ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்: இந்த மனிதரிடமிருந்து நோயைக் கழித்துவிட்டால் ஓவியர் மிஞ்சுவாரா? மிஞ்சுவார். அதை விளக்கச் சற்று நீளமாகப் பேச வேண்டியிருக்கிறது.

நான் பேசும் இடம் எது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினான்கு ஆண்டுகள் அரசு மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. மையம், அதாவது எச்.ஐ.வி. சிகிச்சை மையம் ஒன்றில் ஆலோசகராக இருந்தேன். எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் மாத்திரையைக் கொடுத்து, அதை எப்போது, எதோடு, எப்படி விழுங்க வேண்டும் என்று சொல்வதும், மாதம்தோறும் அவர்கள் திரும்பி வரும்போது எண்ணிப் பார்ப்பதும் என் வேலை. ஓவியம் நான் முறையாகப் பயின்றதில்லை. டெரிலின் படங்களை அச்சிலும் திரையிலும் மட்டுமே பார்த்திருக்கிறேன். நேரில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும் வண்ணத்தின் கனமும் அளவின் அழுத்தமும் என் பதிலில் இருக்காது. மருந்தைப் பற்றி நான் சொல்வதை உறுதியாக நம்பலாம். படத்தின் பொருளைப் பற்றிச் சொல்வதை ஒரு வாசிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

டெரில் 1955இல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தவர். மெக்சிக்க வம்சாவளியினர். அந்த மக்களில் அரசியல் உணர்வு கொண்டவர்கள் 1960களில் தங்களைச் 'சிகானோ' என்று அழைத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். அதற்கு முன் அது ஏளனமாகச் சொல்லப்பட்ட சொல். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். 1968இல் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸின் பள்ளி மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்துத் தெருவுக்கு வந்தார்கள். 1970 ஆகஸ்ட் 29 அன்று வியட்நாம் போருக்கு எதிராக அதே பகுதியில் பல்லாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். அன்று ரூபன் சலாசார் என்ற பத்திரிகையாளர் காவலர் சுட்ட கண்ணீர்ப்புகைக் குண்டு தாக்கி இறந்தார். டெரில் வளர்ந்த காலமும் ஊரும் இதுதான்.

அந்த இயக்கம் தன் மக்களுக்கு மரியாதையைக் கேட்டது. ஆனால் அது வரைந்து காட்டிய குடும்பப் படத்தில் வீரமான தந்தை, தாய், பிள்ளைகள் என்று இடங்கள் முன்பே நிரம்பியிருந்தன. ஆணை நேசிக்கும் ஆணுக்கு அதில் இடமில்லை. நகரின் மறுபுறத்தில், தன்பால் ஈர்ப்பாளர்களின் விடுதலையைப் பேசிய வட்டாரங்கள் பெரும்பாலும் வெள்ளையர்களுடையவை. சில கேளிக்கை விடுதிகளில் பழுப்பு நிறத்தவரிடமும் கறுப்பினத்தவரிடமும் மட்டும் கூடுதல் அடையாள அட்டைகள் கேட்டு வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். இரண்டு வீடு இருந்தும் இரண்டிலும் விருந்தாளியாக வாழ்வது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். அந்த வயதில் டெரில் செய்த வேலைகள் எல்லாம் அந்த நிலையிலிருந்து பிறந்தவை.

1970களின் நடுவில் அவர் டி-ஷர்ட்டுகள் செய்தார். ஆண்களுக்கானவற்றில் 'மரிகோன்' என்றும் பெண்களுக்கானவற்றில் 'மல்ஃப்ளோரா' என்றும் எழுதினார். இரண்டும் தன்பால் ஈர்ப்பாளர்களை ஸ்பானிஷில் திட்டும் சொற்கள். நண்பர்கள் கூட்டமாக அவற்றை அணிந்துகொண்டு 1976இல் லாஸ் ஏஞ்சலிஸில் தன்பால் ஈர்ப்பாளர்கள் நடத்திய பெருமித ஊர்வலத்தில் நடந்தார்கள். தன் சமூகத்தின் பெரியவர்கள் 'சிகானோ' என்ற ஏளனச் சொல்லுக்குச் செய்ததை, அவர்கள் கைவிட்ட பிள்ளைகளுக்காக இவர் செய்தார். பருத்தித் துணியில் ஒரு சொல், அவ்வளவுதான். ஆனால் ஒருவர் தனியாக அணிந்தால் அடி விழும் சொல்லைப் பத்துப் பேர் சேர்ந்து அணியும்போது அது வேறொன்றாகிறது. எனக்கு அவருடைய எல்லாப் படைப்புகளிலும் முதன்மையானது இந்தத் துணிதான். இதை ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், இது நடந்தபோது எய்ட்ஸ் என்ற பெயரே உலகில் இல்லை.

அதன் பிறகு 1978, 1979 ஆண்டுகளில் 'ஹோம்பாய் ப்யூட்டிஃபுல்' என்ற கையடக்கப் பத்திரிகையை இரண்டு இதழ்கள் கொண்டுவந்தார். வீட்டு அலங்காரத்துக்கென்று அமெரிக்காவில் வெளிவரும் ஒரு பளபளப்பான பத்திரிகையின் பெயரைக் கேலியாக மாற்றி, தங்கள் பேட்டையின் முரட்டு இளைஞர்களின் வாழ்க்கையையும், அந்த முரட்டுத்தனத்துக்குள் ஒளிந்திருந்த ஆண்-ஆண் ஆசையையும் புகைப்படக் கதைகளாகச் சொன்னார். 1981இல் 'சிகானோக்கள் நியூயார்க்கை ஆக்கிரமிக்கிறார்கள்' என்று ஒரு வரிசை ஓவியம் தீட்டினார். கலைஞர்களின் பேட்டையான சோஹோவில் சிகானோ ஒருவர் நின்று டார்ட்டியா ரொட்டி சுடும் படம் அதில் ஒன்று. ஊர் மாறிப் போனவன் தன் சாப்பாட்டைத் தேடுவதும், இல்லாவிட்டால் தானே சமைத்துக்கொள்வதும்தான் காட்சி. மேசை, உணவு, நண்பர்கள், உள்ளூர்ச் சொற்கள்: பிற்கால ஓவியங்களில் வரப்போகும் எல்லாம் இங்கேயே இருக்கின்றன. மாத்திரை மட்டும்தான் இல்லை.

அவர் படித்த இம்மாகுலேட் ஹார்ட் கல்லூரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. விளம்பரம், கடைப் பொருள் போன்றவற்றையே ஓவியமாக்கும் பாப் கலையில் பெயர் பெற்ற கன்னியாஸ்திரி கொரீட்டா கென்ட் பாடம் நடத்திய இடம் அது. ரொட்டிப் பொட்டலத்தில் அச்சிட்ட விளம்பர வாசகத்தை எடுத்து அதைப் பிரார்த்தனையாக மாற்றி அச்சுப் படம் செய்தவர் அவர். டெரில் போய்ச் சேர்ந்தபோது அவர் அங்கிருந்து விலகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. நேரடி மாணவர் என்று சொல்ல முடியாது. கடைச் சரக்கின் பெயருக்கும் ஆன்மாவுக்கும் இடையில் வேலி தேவையில்லை என்ற பாடம் அந்தக் கட்டடத்தில் மிச்சமிருந்தது என்பது என் ஊகம்.

இனி நோய்க்கு வருவோம். 1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கையில், அரிதான ஒருவகை நிமோனியாவால் பாதிக்கப்பட்ட ஐந்து இளைஞர்களைப் பற்றிய குறிப்பு வெளியானது. ஐவரும் லாஸ் ஏஞ்சலிஸ்காரர்கள். எய்ட்ஸ் பற்றி வெளியான முதல் மருத்துவக் குறிப்பு அது. டெரிலின் ஊரில்தான் அந்தக் கணக்கு தொடங்கியது. முதல் மருந்தான ஏ.இசட்.டி. 1987 மார்ச்சில் அனுமதி பெற்றது. தனி மருந்தாக அது நீண்ட நாள் தாங்கவில்லை. வைரஸ் அதைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. 1995 முடிவதற்குள் அமெரிக்காவில் மட்டும் 3 லட்சத்துக்கும் அதிகமானோர் எய்ட்ஸால் இறந்திருந்தார்கள். 1996இல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை பரவியது. மறு ஆண்டே இறப்புகள் 40 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன. மருத்துவ வரலாற்றில் இப்படி ஒரு திருப்பம் அடிக்கடி வருவதில்லை.

அந்த 1996க்கு இந்தப் பக்கம் யார், அந்தப் பக்கம் யார் என்பதுதான் இந்தக் கதையின் நடு முள். டெரிலின் வட்டத்தைச் சேர்ந்த முண்டோ மேஸாவும் 1955இல் பிறந்தவர், ஓவியர். 1985இல் இறந்துவிட்டார். அவருடைய படைப்புகளில் பெரும்பகுதி இன்று எங்கே என்று தெரியவில்லை. அதே வட்டத்துக் கலைஞர் டெடி சாண்டோவல் 1995இல் இறந்தார். இன்னும் ஓராண்டு தாக்குப்பிடித்திருந்தால் என்று நினைக்காமல் என்னால் அந்த ஆண்டை எழுத முடியவில்லை. ரே நவாரோ இன்னும் இளையவர், கலிஃபோர்னியாவிலிருந்து நியூயார்க்குக்குப் போன சிகானோ கலைஞர். 1989 டிசம்பரில் நியூயார்க்கின் செயின்ட் பேட்ரிக் தேவாலயத்தின் முன் நடந்த எய்ட்ஸ் போராட்டத்தில் இயேசுவின் வேடத்தில், முள்முடியோடு, கையில் ஒலிவாங்கி பிடித்து நின்றவர். மறு ஆண்டு பார்வையிழந்த நிலையில், தன் மனதிலிருந்த படங்களைச் சொல்லச் சொல்லத் தோழியான கலைஞர் ஸோயி லியோனார்ட் உதவியோடு ஒரு புகைப்பட வரிசையை உருவாக்கிவிட்டு, 26 வயதில் இறந்தார். கண் போன பின்னும் படம் செய்தவர் என்பதை ஒரு வரியில் கடந்துபோக மனம் வரவில்லை.

டெரிலும் எச்.ஐ.வி. உள்ளவர். ஆனால் அந்தக் கோட்டை உயிரோடு தாண்டியவர். அதற்குக் காரணம் என்ன என்று கேட்டால், மருந்து வந்த நேரம் என்பது உறுதி. மன உறுதியோ கலையோ காப்பாற்றியது என்று சிலர் எழுதுவார்கள். அதை நான் ஏற்க மாட்டேன். மன உறுதி மிகுந்த எத்தனையோ பேர் மருந்து வருவதற்கு முன் போய்விட்டார்கள். பிழைத்தவரைப் புகழும்போது போனவர்களைக் குறைவாகச் சொன்னதாக ஆகிவிடக் கூடாது.

நோய் பரவிய ஆண்டுகளில் அவர் சும்மா இருக்கவில்லை. 1987இல் லாஸ் ஏஞ்சலிஸின் லத்தீனோ, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளித் தன்பால் ஈர்ப்புக் கலைஞர்கள் 'விவா' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் நாடகக் குழு எய்ட்ஸ் விழிப்புணர்வை மேடையேற்றியது. அவர் அந்த வட்டத்தில் இருந்தார். லத்தீனோ ஆண்களுக்காகப் பாதுகாப்பான உடலுறவு பற்றி 'சிகோஸ் மொதெர்னோஸ்' என்ற வரைகதைப் புத்தகத்தை உருவாக்கினார். பின்னர் எய்ட்ஸ் ஹெல்த்கேர் ஃபவுண்டேஷன் என்ற பெரிய அமைப்பில் நீண்ட காலம் பணியாற்றி, உலகளாவிய பரப்புரைப் பிரிவின் இயக்குநராக உயர்ந்தார்.

உங்கள் ஐயம் இந்த இடத்தில்தான் பிறக்கிறது என்று நினைக்கிறேன்: வரைகதைப் புத்தகம் விளம்பரம் என்றால், மாத்திரை ஓவியமும் அதன் நீட்சிதானே? இல்லை. ஒரு பிரசுரம் நல்ல பிரசுரமா என்பதை எங்கள் துறையில் ஒரே அளவுகோலால் பார்ப்போம்: படித்தவருக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிறதா? ஆணுறை பயன்படுத்து, பரிசோதனைக்குப் போ, மாத்திரையை நிறுத்தாதே. அந்த வரைகதை அந்த வேலையைச் செய்தது. 1990களின் பிற்பகுதியில் டெரில் தொடங்கிய அசைவற்ற பொருள்களின் ஓவியங்கள் யாருக்கும் எதையும் செய்யச் சொல்லவில்லை. மெக்சிக்கத் துணி விரித்த மேசை, பழங்கள், அமெரிக்கக் கடைப் பொருள்கள், நடுவே வணிகப் பெயரோடு மருந்து. அவ்வளவே. பார்ப்பவர் அந்த மேசைக்கு முன் உட்கார வைக்கப்படுகிறார்.

இந்த வகை ஓவியத்தை ஸ்பானிஷில் 'பொதேகோன்' என்பார்கள். சாப்பாட்டுக் கடையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பல நூற்றாண்டுகளாக அதில் பானையும் மீனும் பழமும் இருந்தன. 1960களில் டாம் வெசல்மேன் போன்ற பாப் ஓவியர்கள் அதே மேசையில் டப்பாக்களையும் புட்டிகளையும் வைத்தார்கள். டெரில் அந்த வரிசையை அறிந்தே தொடர்கிறார். மெக்சிகோவின் ஃப்ரீடா காலோ, உடல் நொடிந்த கடைசி ஆண்டுகளில் வெட்டிய தர்ப்பூசணிகளை வரைந்ததும் பக்கத்திலேயே இருக்கிறது. நோயிலிருந்து மீண்டவர்கள் தகரத் தகட்டில் சிறு படம் தீட்டித் தேவாலயத்தில் மாட்டும் நேர்த்திக்கடன் ஓவிய மரபும் மெக்சிகோவுக்கு உண்டு. டெரில் இந்தக் கடைசி மரபை நினைத்து வரைந்தாரா என்று என்னைக் கேட்டால், நான் பார்க்கும் ஒற்றுமை அது என்று மட்டும் சொல்வேன். அப்படியே இருந்தாலும் ஒரு வேறுபாடு பெரிது. நேர்த்திக்கடன் படத்தில் நன்றி ஒரு புனிதருக்குப் போகிறது. இங்கே அந்த இடத்தில் இருப்பது ஒரு நிறுவனத்தின் பதிவு செய்த வணிகப் பெயர்.

அந்தப் பெயரின் விலையைச் சொல்லாமல் படம் முழுமையாகப் புரியாது. அப்போது அமெரிக்காவில் மூன்று மருந்துச் சிகிச்சைக்கு ஓர் ஆண்டில் ஒருவருக்கு ஏறக்குறைய 10,000 டாலர் ஆனது. தென்னாப்பிரிக்க அரசு மலிவான மருந்து வாங்க வழி செய்தபோது, 39 மருந்து நிறுவனங்கள் 1998இல் அதன் மீது வழக்குத் தொடர்ந்தன. 2001 ஏப்ரலில்தான் விலக்கிக்கொண்டன. அதே 2001 தொடக்கத்தில் மும்பையின் சிப்லா நிறுவனம் அப்படியொரு மூன்று மருந்துக் கூட்டை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு டாலர். 2004 ஏப்ரலில் இந்தியாவில் அரசு இலவசமாக இந்தச் சிகிச்சையைத் தொடங்கியதற்கும், பின்னால் என் மேசைக்கு அந்தப் புட்டிகள் வந்து சேர்ந்ததற்கும் அந்த விலைச் சரிவு ஒரு முக்கியக் காரணம். ஆகவே கடைச் சரக்குகளுக்கு நடுவே மருந்தையும் ஒரு சரக்காக டெரில் வைக்கும்போது அதில் கோபம் இருக்கிறது என்றே நான் வாசிக்கிறேன். தன் உயிர் ஒரு கடை அலமாரியில் விலைச் சீட்டோடு இருக்கிறது என்று அறிந்தவரின் கோபம்.

ஆனால் எனக்கு அந்தப் படங்கள் முதலில் சொன்னது வேறு. மாத்திரையும் உணவும் ஒரே மேசையில் இருப்பது அலங்காரம் அல்ல, மருத்துவ உண்மை. அக்காலத்து மருந்துகளில் இண்டினாவிரை எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெறும் வயிற்றில் விழுங்க வேண்டும். சிறுநீரகக் கல் வராதிருக்க நாள் முழுதும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நெல்ஃபினாவிர் சாப்பாட்டோடுதான் உடலில் சேரும். எஃபாவிரென்ஸை இரவு படுக்கும்போது எடுக்க வேண்டும். எடுத்தவர்கள் விசித்திரமான கனவுகளோடு மறுநாள் வந்து நிற்பார்கள். பழம் எப்போது, ரொட்டி எப்போது என்பதை மாத்திரை தீர்மானித்தது. அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர் ஒரு சாப்பாட்டு மேசையை வரைந்துவிட்டு மாத்திரையை விட்டிருந்தால்தான் அது பொய்.

என்னிடம் வந்தவர்கள் மாத்திரைப் புட்டியின் சீட்டைக் கிழித்துவிட்டுச் சத்துமாவு டப்பாவுக்குள் வைப்பார்கள். புட்டியை எடுக்கும்போது குலுங்கும் சத்தம் மாமியாருக்குக் கேட்கக் கூடாதென்று உள்ளே பஞ்சு அடைத்து வைத்திருந்த பெண்ணை எனக்குத் தெரியும். விருந்துக்குப் போன இடத்தில் மருந்து நேரம் தவறவிட்டு, அடுத்த முறை அழுதவர்களைத் தெரியும். அதனால் பெயர் தெரிய, வெளிச்சத்தில், நல்ல துணி விரித்த மேசையில் கிடக்கும் மாத்திரையை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஒளிக்கப்படாத மாத்திரை. 1976இல் நெஞ்சில் எழுதிய அந்தச் சொல்தான் இங்கே மேசைக்கு வந்திருக்கிறது என்று அன்று தோன்றியது. இன்றும் அப்படியே நினைக்கிறேன்.

ஒரு படத்தில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். 2012இல் அவர் தீட்டிய ஓவியத்தின் பெயர், மறவாதே மலர்களும் ஒரு வாரத்துக்கான ட்ரூவாடாவும் கொண்ட அசைவற்ற காட்சி என்பது. ட்ரூவாடா 2004 முதல் சிகிச்சையில் இருக்கும் மருந்து. 2012 ஜூலையில் அமெரிக்காவில் நோய் வராமல் தடுக்கவும் அதே மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. டெரில் பணியாற்றிய அமைப்பு அந்த அனுமதியை வெளிப்படையாக எதிர்த்தது. இதை வைத்து, ஓவியம் அமைப்பின் பக்கமா, எதிர்ப்பக்கமா என்று தீர்ப்பு எழுதுவது எளிது. நான் எழுத மாட்டேன். உறுதியானது ஒன்று: இறந்தவர்களை மறக்காதே என்று சொல்லும் பூவையும், இனி யாரும் இதனால் இறக்க வேண்டியதில்லை என்று சொல்லும் மாத்திரையையும் ஒரே சட்டகத்துக்குள் வைத்திருக்கிறார். அது சுவரொட்டிக்குள் அடங்காத சிந்தனை. சுவரொட்டி எழுதும் வேலையைப் பல ஆண்டுகள் செய்தவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

நோய்தான் புகழைக் கொடுத்ததா என்ற உங்கள் இரண்டாம் பாதிக்குக் காலவரிசையே பதில். அப்படியானால் 1990களிலேயே அருங்காட்சியகங்கள் அவரைத் தேடி வந்திருக்க வேண்டும். வரவில்லை. சிகானோ கலைஞர்களுக்கே அந்தக் கதவு மூடியிருந்தது. 1972இல் அஸ்கோ என்ற குழு லாஸ் ஏஞ்சலிஸ் அருங்காட்சியகத்தின் சுவரில் தங்கள் பெயர்களைத் தெளிப்பு வண்ணத்தால் எழுதி அதையே தங்கள் படைப்பு என்று அறிவித்த கதை பிரபலம். பரவலான கவனம் 2017இல் 'ஆக்ஸிஸ் முண்டோ' என்ற கண்காட்சியோடு வந்தது. முண்டோ மேஸாவின் பெயரைத் தாங்கிய அந்தக் கண்காட்சி, சிகானோ க்வியர் (தன்பால் ஈர்ப்பாளர் உள்ளிட்ட பாலினச் சிறுபான்மை) கலைஞர்களின் வலைப்பின்னலை முதன்முறையாகப் பெரிய அளவில் ஒன்றுசேர்த்தது. 2021இல் நியூயார்க்கில் டெரிலின் தனிக் கண்காட்சி நடந்தது. 2023இல் லாஸ் ஏஞ்சலிஸின் ஹேமர் அருங்காட்சியகக் கண்காட்சியில் இடம்பெற்றார். அப்போது அவருக்கு வயது அறுபதுகளில். மருந்து அவரை அந்த வயதுவரை கொண்டுவந்தது, உண்மை. அந்த வகையில் நோய்க்கும் புகழுக்கும் ஒரு தொடர்பு உண்டு, ஆனால் நீங்கள் நினைத்ததற்கு நேரெதிராக. அந்த நோய் ஒரு தலைமுறையின் ஓவியர்களையும் அவர்களின் ஓவியங்களையும் சேர்த்தே அழித்தது. எஞ்சியவரின் வேலைகளில் இன்று நாம் அந்த நண்பர்கள் எல்லோரையும் தேடுகிறோம்.

அருங்காட்சியக டிக்கெட் வாங்காமல் அந்த நண்பர்களில் ஒருவரின் வேலையைப் பார்க்க வழி உண்டா என்று உங்கள் கேள்வியின் கீழேயே இன்னொருவர் கேட்டிருந்தார். உண்டு. லாஸ் ஏஞ்சலிஸின் ஹைலேண்ட் பார்க் பக்கம், சவுத்வெஸ்ட் மியூசியம் என்ற மெட்ரோ ரயில் நிலையத்தில் டெடி சாண்டோவல் வடிவமைத்த கலைப்படைப்பு இருக்கிறது. அவர் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 2003இல் அந்தத் தடத்தில் ரயில் ஓடத் தொடங்கியது. வடிவமைப்பை அவருக்குப் பின் வந்தவர்கள் முடித்து நிறுவினார்கள். வேலைக்குப் போகிறவர்கள் இன்றும் அதைக் கடந்துதான் வண்டி ஏறுகிறார்கள்.